ஒயின் ஃபிரிட்ஜில் கல்லுப்பு

எங்கள் வீட்டில் கோடை முழுவதும் பதின்மூன்று டிகிரியில் வாழக் கொடுத்துவைத்தவை பதினாறு ஒயின் பாட்டில்கள் மட்டும்தான். நானும் என் வீட்டுக்காரரும் மின்விசிறிக்கு அடியில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடப்போம். பக்கத்து அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நீல விளக்கு வெளிச்சத்தில் அவை ஒய்யாரமாகப் படுத்திருக்கும். காரைக்குடியில் அறுபது தாண்டிய மனிதனுக்கு அந்தக் குளுமை வேண்டுமென்றால் பிணவறைக்குத்தான் போக வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் சொகுசுக் கப்பலில் வேலை பார்த்தவர். சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. பிளஸ் டூவில் கணக்கில் தவறி, மும்பைக்குப் போய், கப்பலில் தட்டுக் கழுவச் சேர்ந்து, பிறகு பரிமாறுகிறவராகி, கடைசிப் பன்னிரண்டு வருடம் ஒயினுக்கு மட்டும் பொறுப்பாளராக இருந்தார். கோட்டுப் போட்ட விருந்தாளி மீன் கேட்டால் அதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்லி, பாட்டிலை வெள்ளைத் துணியில் ஏந்திக் காட்டி, திறந்து ஊற்றுகிற வேலை. நான் காரைக்குடியில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவர் வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார், நான் பன்னிரண்டு மாதமும் கரும்பலகை முன்னால். எங்கள் குடித்தனம் அவ்வளவு காலம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம் என்பது இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் இரண்டு பாட்டில் கொண்டுவருவார். பனியனில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, பச்சைக் குழந்தையைப் போல எடுத்து வருவார். குடிக்க மாட்டார். "இது இருக்கட்டும், வயசாகணும்" என்பார். முதலில் வந்த நாலைந்தை நான் சமையலறைப் பரணில் ஏற்றி வைத்தேன். இரண்டு சித்திரை மாதங்களில் அவற்றுக்கு வேண்டிய வயதெல்லாம் ஆகி, கருமாதிக்கும் தயாராகிவிட்டன. அதன் பிறகு வந்தவை எங்கள் சாதாரண ஃபிரிட்ஜில் குடியேறின. முதலில் காய்கறித் தட்டு, பிறகு அதற்கு மேல்தட்டு. இட்லி மாவுக்கு இடமில்லாமல் போன அன்று நான் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு அதுக இருக்கணும், இல்ல மாவு இருக்கணும். ரெண்டுல எது வேணும்னு நீகளே சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு மாதத்தில் சென்னையிலிருந்து லாரி சர்வீஸில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஒயினுக்கென்றே செய்த ஃபிரிட்ஜ். பதினெட்டு பாட்டில் கொள்ளும். நான் துணி தேய்க்கிற சின்ன அறையில் அது நின்றது.

எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்றே பார்த்துவிட்டார். "டீச்சர், சாருக்கு இன்சுலின் வைக்கவா இம்புட்டுப் பெருசா வாங்கியிருக்கீக?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் வீட்டுக்காரர் இலையில் பாயசம் விழுவதில்லை.

ஃபிரிட்ஜ் வந்தால் தொல்லை தீரும் என்றுதான் நான் நினைத்தேன். அப்போதுதான் அவர் ஈரப்பதம் என்கிற வார்த்தையை எடுத்தார்.

"குளுமை மட்டும் போதாது. உள்ள இருக்கிற காத்துல ஈரம் வேணும். ஈரமில்லைன்னா கார்க் காஞ்சு சுருங்கும். சுருங்குனா காத்து உள்ள போகும். காத்து போச்சுன்னா ஒயின் செத்துச்சு."

"அப்ப தண்ணியை ஊத்தி வைங்க."

"ரொம்ப ஈரமானா லேபிள்ல பூஞ்சை புடிக்கும். அறுபது சதவீதத்துக்கும் எழுபத்தஞ்சுக்கும் நடுவுல நிக்கணும்."

சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தார். அது நாற்பத்திரண்டு காட்டியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அது என் இரத்த அழுத்தமாக இருந்திருந்தால்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. காரணம் எனக்குத் தெரியும். உள்ளே பின்பக்கம் ஒரு குளிர்ந்த தகடு இருக்கிறது. காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் அதில் போய் நீர்த்துளியாக ஒட்டி, குழாய் வழியே கீழே தட்டுக்கு வடிந்துவிடும். இயந்திரம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு உலரும். எங்கள் ஊர் மே மாதத்தில் அது ஓயாமல் ஓடியது.

அவர் ஈர ஸ்பாஞ்சை ஒரு தட்டில் வைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் அது வேலை செய்கிறதா என்று அரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தார். திறக்கும்போதெல்லாம் வெளியே இருக்கிற அனல் உள்ளே பாயும், கண்ணாடி வியர்க்கும், மீட்டர் எண்பதுக்குத் தாவும். மூடினால் கொஞ்ச நேரத்தில் நாற்பத்தைந்துக்கு இறங்கும். உடனே மறுபடி திறப்பார்.

"நீக பாக்குறதாலதான் அது கெட்டுப்போகுது" என்றேன்.

"பாக்காம எப்படி இருக்கிறது?"

"கப்பல்லேருந்து என்னைய எட்டு மாசம் பாக்காம இருந்தீகள்ல, அப்படித்தான்."

எங்கள் கல்யாண நாளன்று மத்தியானம் ஒரு பாட்டிலைத் திறக்கலாம் என்றார். கார்க் எடுக்கிற திருகாணியைச் செருகி இழுத்தார். கார்க் பாதி வெளியே வந்தது, மீதி தூள்தூளாக உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். ஊறவைத்து மறந்துபோன புளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அவர் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் பதினைந்து. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை அழைத்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறவர், என்னிடம் படித்தவர், இப்போது அவருக்கே கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார்.

"கூலிங்கே இல்லையே டீச்சர். பதிமூணுல நிக்குது. கேஸ் போயிருச்சு."

"அது பதிமூணுலதான் நிக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பால் திரிஞ்சு போகுமே சார்?"

"பால் வைக்கலப்பா."

மெக்கானிக் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பத்தாம் வகுப்பில் காப்பியடித்து என்னிடம் பிடிபட்ட அன்று அவர் முகம் எப்படி இருந்ததோ, இப்போது என் முகம் அப்படி இருந்திருக்கும்.

"சாரோடது" என்றேன் அவசரமாக.

"அதுக்கென்ன டீச்சர்" என்று குரலைத் தாழ்த்தினார். "கடையில வாங்குறவுக அன்னைக்கே முடிச்சுருவாக. இப்படி வருசக்கணக்கா வச்சுக் காப்பாத்துறவுகளை இப்பத்தான் பாக்குறேன்." அவர் குரலில் இருந்தது இரக்கம்தான். கதவு ரப்பர் ஒரு பக்கம் இறுகிவிட்டது, கம்பெனியிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துக் கிளம்பினார்.

அதன் பிறகுதான் நான் இறங்கினேன். வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி இது. உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுதும் கரையாமல் சேறு போல் வைத்தால், மூடிய இடத்தில் அது ஈரப்பதத்தை எழுபத்தைந்து பக்கம் கொண்டுவந்து நிறுத்தும். குறைந்தால் ஈரத்தை விடும், கூடினால் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆய்வகத்தில் பல வருடம் செய்து காட்டியிருக்கிறேன். எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப்போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மூன்று நாள் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நாலாம் நாள் அறுபத்தெட்டு. மறுநாளும் அறுபத்தெட்டு. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் பெண் பிறந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஐப்பசி வரை நிம்மதி. பிறகு பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று பத்து நாள் போய் இருக்க வேண்டி வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரின் அக்காவை நாட்டரசன்கோட்டைப் பக்கமிருந்து வரச் சொன்னோம். எழுபது வயதிலும் கையில் வலு குறையாதவர். பாத்திரத்தில் கறை கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கிளம்பும்போது தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அக்கா, அந்தக் கண்ணாடிப் பெட்டியை மட்டும் தொறக்காத."

"எனக்கென்னத்துக்கு உன் பெட்டி? போயிட்டு வாங்க."

நாங்கள் போன நாலாம் நாள் காற்றும் மழையுமாக அடித்து, தெருவில் கம்பம் சாய்ந்து, இரண்டு நாள் மின்சாரம் இல்லை. குளிர் போய்விட்டது. இறுகிப்போன ரப்பர் வழியாக மழைக்கால ஈரமெல்லாம் உள்ளே புகுந்தது. உப்பு அதன் கடமையைச் செய்தது. உறிஞ்சி, உறிஞ்சி, கிண்ணம் நிறைந்து, வழிந்து, தரைக்கு வந்தது. சும்மா இருக்கிற பெட்டிக்கு அடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தும் திறக்காமல் இருக்க மதினி என்ன தெய்வமா?

நாங்கள் திரும்பிய காலை அவர் வாசலிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"வாங்கத்தா, வாங்க. புள்ளைக்கு எப்படி இருக்கு? ஏத்தா, அந்தப் பெட்டியை என்ன லட்சணத்துல வச்சிருந்தீக? புட்டி பூராம் பூஞ்சை. ஒட்டியிருந்த தாளெல்லாம் ஊறி நாறிப்போச்சு. அண்டாவுல ஊறப்போட்டு, தேங்காநாரை வச்சு ஒரு தேய் தேச்சேன் பாரு. அங்குட்டுப் போயிப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

"கண்ணாடிதானே மதினி" என்றேன்.

சமையலறைத் தரையில் பழைய வேட்டி விரித்து, பதினைந்து பாட்டில்களும் வரிசையாக நின்றன. ஒன்றின்மேலும் ஒரு துணுக்குக் காகிதம் கிடையாது. என் வீட்டுக்காரர் பையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, அந்தத் தாளுக எங்க?"

"குப்பை வண்டியில போட்டேன்."

"அதுலதானே எழுதியிருந்துச்சு. எந்த ஊரு, எந்த வருசம்னு."

"எழுத்து தெரிஞ்சாத்தானே தம்பி. பூஞ்சைதான் தெரிஞ்சுச்சு." பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "இங்குட்டு வா. உள்ள ஒரு கிண்ணத்துல உப்பு இருந்துச்சே, யாரு வச்சது?"

"நான்தான் மதினி."

"யாருக்கு?"

"கார்க்குக்கு."

"அது யாரு?"

அவருக்கு விளங்க வைக்க எனக்கு அரை மணி ஆனது. முழுதாக நம்பினாரா என்று தெரியாது. கிண்ணத்தை உப்போடு கொண்டுபோய் முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்ததாகச் சொன்னார். நல்ல கனமான கிண்ணம் அது.

அக்காவை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை நான் அவர் கணக்கில் நல்லதாகவே வைத்திருக்கிறேன். மறுநாள் மதினி ஊருக்குக் கிளம்பும்போது, பாட்டில் காலியானால் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கத் தனக்குத் தரவேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனார். இவர் தலையாட்டினார்.

மத்தியானம் சாப்பிடும்போது மெல்லத் தெளிந்தார். "லேபிள் எதுக்கு? பன்னெண்டு வருசம் ஊத்தியிருக்கேன். மோந்து பாத்தாலே சொல்லிருவேன், எந்த நாடு, என்ன திராட்சைன்னு."

அடுத்த ஞாயிறு ஆட்டுக்கறிக் குழம்பு. முதல் பாட்டிலைத் திறந்தார். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். கப்பலில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்து, கழுத்து நீண்டு, வேறு ஆளாக இருந்தார்.

"பிரான்ஸ். தெக்குப் பக்கம். வெயில் நெறைய வாங்குன திராட்சை. கொஞ்சம் மிளகு வாசம் வருது பாரு."

எனக்குக் குழம்பு வாசம்தான் வந்தது. மேசையில் கிடந்த கார்க்கைச் சும்மா எடுத்து உருட்டினேன். அதன் பக்கவாட்டில் எழுத்து அச்சிட்டிருந்தது. கார்க்கிலும் பெயர் போடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சிலி நாடுன்னு போட்டிருக்கு" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் படித்தார். "சில சமயம் அப்படித் தோணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு இத்தாலி என்றார், கார்க்கில் தென் ஆப்பிரிக்கா. அதற்கடுத்த ஞாயிறு, வெகு நேரம் மோந்துவிட்டு, இது நிச்சயம் சிலி என்றார். கார்க்கில் பிரான்ஸ். சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"எது?"

"ஒயின். அங்க யாரு எனக்குக் குடிச்சுப் பழக்கிவிட்டா? ஒரு புத்தகம் குடுத்தாக. அதை நெட்டுருப் போட்டேன். லேபிளைப் பாத்தா வாயில தானா வரும். மிளகு வாசம், ஈர மண்ணு வாசம்னு. ஒருத்தன் தப்புன்னு சொன்னதில்ல."

"அவுகளுக்கும் தெரியாதுல்ல."

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. "எங்க வீட்டுல நான் பேசுனா எங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாரு. அங்க டாக்டரு, வக்கீலு, பெரிய பெரிய முதலாளியெல்லாம் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் முள்கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேப்பாக. அதுக்காகத்தான் ரெண்டு ரெண்டா கொண்டாந்தேன். குடிக்கவா கொண்டாந்தேன்?"

கேலி செய்ய எனக்குப் பத்து விஷயம் தோன்றியது. காய்ந்த துணியை அவர் தோளில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நான் மோல் கணக்கு நடத்த ஆரம்பிச்சு முதல் மூணு வருசம் எனக்கே புரியாமத்தான் நடத்துனேன். நோட்ஸைப் பாத்து அப்படியே எழுதிப் போட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நெசமாவா? அப்ப பிள்ளைக?"

"பாஸ் பண்ணுச்சுக."

அன்று அவர் சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த துணி பாதி கீழே விழுந்தது. எல்லாவற்றையும் மறுபடி உதற வேண்டியதாயிற்று.

ரப்பர் தை மாதம் வந்தது. மெக்கானிக் மாட்டிவிட்டுப் போனார். உப்பை இப்போது மூடியில் துளை போட்ட உயரமான பிளாஸ்டிக் டப்பாவில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்கிறேன். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மேலே நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, புதுக் கல்லுப்புச் சேர்க்கிறேன். அறுபத்தைந்திலிருந்து எழுபத்திரண்டுக்குள் நிற்கிறது. பெண் புதிதாக வாங்கிவந்த இரண்டு பாட்டிலின் லேபிள்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றிவிட்டோம். அவரும் கதவை ஓயாமல் திறப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பாட்டிலை எடுக்க மட்டும் திறக்கிறார். வயதாகட்டும் என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அவர் இப்போதுதான் உண்மையாகக் கற்றுக்கொள்கிறார். நான் கார்க்கை எடுத்துக் கைக்குள் மூடிக்கொள்வேன். அவர் ஒரு வாய் குடித்து, புத்தகத்து வார்த்தைகளை விட்டுவிட்டு, தனக்குத் தோன்றுவதைச் சொல்வார். ஒருமுறை கொடுக்காப்புளி என்றார், ஒருமுறை நனைந்த சாக்கு என்றார். நாட்டையும் சொல்வார். ஏழில் ஒன்று சரி. நானும் இரண்டு மிடறு குடிக்கப் பழகிவிட்டேன். எதிர் வீட்டு அம்மாவுக்குத் தெரியாது.

போன மாதம் எட்டாவது பாட்டில். அவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். தம்ளரை வெளிச்சத்துக்குக் காட்டினார், குடித்தார், மறுபடி குடித்தார்.

"இது போர்ச்சுகல். இதுல சந்தேகமே இல்ல. எழுதி வேணாலும் தாரேன்."

நான் கையைத் திறந்தேன். கார்க்கை ஒரு சுற்றுச் சுற்றினேன். தலையையும் அடியையும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு சுற்று. ஒரு எழுத்துக்கூட இல்லை. வெறும் கார்க்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடல."

வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் சொன்னதுதான்."

"அது எப்படி? ஆதாரம் வேணாமா?"

"இல்லைன்னு சொல்ல உன்கிட்ட ஆதாரம் இருக்கா?"

முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்திய நான் என் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் முதுகை நிமிர்த்தி, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு மேசையில் சிந்தாமல் என் தம்ளரில் ஊற்றினார். நான் முருங்கைக்காய் சாம்பார்ச் சட்டியை நடுவில் நகர்த்தினேன். அதற்குப் போர்ச்சுகல் பொருந்தும் என்றார். பொருந்தத்தான் செய்தது.